சேதன வளர்ப்பூடகத்திற் போசணை விடுபடும் முறை

மரக்கறிச் செடிகளையும் பூச்செடிகளையும் பைகளிலும் சாடிகளிலும் வளர்க்கும் வழக்கம் நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. இவற்றை நிரப்புவதற்குக் கூட்டெரு, மாட்டெரு, தென்னந் தும்புத்தூள், கரியாக்கிய உமி, மேல்மண் ஆகியவை வெவ்வேறு அளவிற் கலக்கப்படுகின்றன. இக்கலவையே வளர்ப்பூடகம் எனப்படும். இதனை ஆயத்தஞ் செய்து நாற்றை நட்ட பின்னர், முதல் இரண்டு கிழமைகள் செடி செழித்து நிற்பதும், மூன்றாங் கிழமையில் அடியிலைகள் மஞ்சளாகி வளர்ச்சி தடைப்படுவதும் பலர் கண்ட காட்சியாகும். "எரு நிறையப் போட்டேனே, செடி ஏன் வெளிறுகின்றது?" என்பதே அப்போது எழும் கேள்வி. ஊடகத்தில் எவ்வளவு எரு உளது என்பதைப் போலவே, அவ்வெரு எப்போது எவ்விதம் பயிருணவாக மாறுகின்றது என்பதும் முக்கியமானது. அதனை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

எருவில் இருப்பதும் வேர் எடுப்பதும்

வேர்கள் தமது உணவைப் பெரும்பாலும் நீரிற் கரைந்த சிறு அயன்களாகவே உறிஞ்சுகின்றன. நைதரசன் அமோனியமாகவோ நைத்திரேற்றாகவோ இருத்தல் வேண்டும். பொசுபரசு பொசுபேற்றாகவும், கந்தகம் சல்பேற்றாகவும் இருத்தல் வேண்டும். ஆனால் இலை, தழை, சாணம் என்பவற்றில் நைதரசனின் பெரும்பகுதி புரதம் முதலிய பெரிய சேர்வைகளிற் கட்டுண்டு கிடக்கின்றது. இக்கட்டு அவிழ்ந்தாலன்றி வேருக்கு அதனாற் பயனில்லை.

பண்டகசாலையில் நெல் நிறைந்திருந்தாலும் அது குற்றி அரிசியாகிச் சோறாகும்வரை பசி தீராது. எருவும் அத்தகையதே. அதனைச் சமைத்துக் கொடுப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள்.

நுண்ணங்கிகளின் வேலை

பற்றீரியாக்களும் பங்கசுகளும் சேதனப் பொருட்களை நொதியங்களாற் சிதைத்து, அதிலுள்ள காபனைத் தமது சுவாசத்திற்கும் உடல் வளர்ச்சிக்கும் பயன்படுத்துகின்றன. தமக்குத் தேவையான நைதரசனை எடுத்தபின் எஞ்சுவதை அமோனியமாக வெளிவிடுகின்றன. இதனைக் கனிப்பொருளாக்கம் என்பர். பின்னர் வேறு இரு வகைப் பற்றீரியாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்பட்டு, அமோனியத்தை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இது நைத்திரேற்றாக்கம் எனப்படும்.

இம்மாற்றம் உயிர்களின் செயல் என்பது 1877ஆம் ஆண்டில் நிரூபிக்கப்பட்டது. பிரான்சு நாட்டு அறிஞர்களான சுலூசிங்கு, மியூன்ற்சு ஆகிய இருவரும் மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய குழாயினூடாகக் கழிவுநீரை மெதுவாகச் செலுத்தினர். ஏறத்தாழ 20 நாட்கள்வரை அமோனியா மாறாமலே வெளிவந்தது. அதன்பின்னரே நைத்திரேற்று தோன்றியது. குளோரபோம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுவிட்டது. தோட்டமண்ணைக் கழுவிய நீரைச் சேர்த்தபோது மீண்டும் தொடங்கியது. இத்தொழிலைச் செய்யும் பற்றீரியாக்களைத் தனியே பிரித்தெடுத்தவர் உருசிய அறிஞர் வினோகிராத்சுகி ஆவார். அது 1890ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது.

இப்பரிசோதனை இன்றைய நாற்றுமேடைக்கும் ஒரு பாடமாகும். தும்புத்தூளும் உமிக்கரியும் மட்டுங் கொண்ட புதிய ஊடகத்தில் நைத்திரேற்றாக்கப் பற்றீரியாக்கள் மிகக் குறைவு. அதிற் புதிய கோழியெருவை இட்டால் அமோனியா பெருகி, அதனை மாற்றுவார் இன்றி, இளவேர்களைக் கருக்கிவிடும். நோயற்ற நிலத்து மேல்மண்ணையோ நன்கு உக்கிய கூட்டெருவையோ சிறிதளவு கலப்பது ஊடகத்திற்கு வித்திடுவது போலாகும். கத்தரி, தக்காளி, மிளகாய் என்பன வாடி இறந்த நிலத்து மண்ணை இதற்கு எடுத்தல் கூடாது.

காபனுக்கும் நைதரசனுக்கும் உள்ள விகிதம்

எவ்வெரு போசணையை விரைவில் விடும், எது அதனைப் பறித்து வைக்கும் என்பதை அறிய ஓர் எளிய கணக்கு உளது.

நுண்ணங்கியின் உடலில் ஏறத்தாழ 8 பங்கு காபனுக்கு 1 பங்கு நைதரசன் உளது. அது உண்ணும் காபனில் மூன்றில் இரண்டு பங்கு சுவாசத்திற் காபனீரொட்சைட்டாக வெளியேற, ஒரு பங்கே உடலாகின்றது. ஆகவே 8 பங்கு காபன் உடலாவதற்கு 24 பங்கு காபனை உண்ணவேண்டும். அதாவது, 24 பங்கு காபனுக்கு 1 பங்கு நைதரசன் உள்ள உணவு நுண்ணங்கிக்கு மட்டுமட்டாகப் போதும். செடிக்கு மிச்சமில்லை.

கோழியெருவில் இவ்விகிதம் ஏறத்தாழ 10 ஆகும். 10 பங்கு காபனை உண்டால் 3 பங்கிற்குச் சற்று அதிகமாக உடலாகும். அதற்கு வேண்டிய நைதரசன் அரைப்பங்கிலுங் குறைவே. எஞ்சிய அரைப்பங்கிற்கு மேற்பட்ட நைதரசன் செடிக்கு விடுபடுகின்றது. வைக்கோலில் இவ்விகிதம் ஏறத்தாழ 70 ஆகும். 70 பங்கு காபனை உண்டால் 23 பங்கு உடலாகும். அதற்கு ஏறத்தாழ 3 பங்கு நைதரசன் வேண்டும். வைக்கோலிலோ 1 பங்கே உளது. மிகுதி 2 பங்கையும் நுண்ணங்கிகள் ஊடகத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அதனாற் செடி பட்டினி கிடக்கின்றது. மூன்றாங் கிழமை மஞ்சளிப்பிற்கு அடிக்கடி காணப்படும் காரணம் இதுவே.

பொதுவாக இவ்விகிதம் 20இற்குக் குறைந்த பொருட்கள் நைதரசனை விடும். 30இற்கு மேற்பட்டவை அதனை முடக்கி வைக்கும். முடக்கப்பட்ட நைதரசன் அழிந்துவிடுவதில்லை. நுண்ணங்கிகள் இறந்து உக்கும்போது மீண்டும் வெளிவரும். ஆனால் அதற்குள் எழுபது நாட் பயிரொன்றின் காலம் கடந்துவிடலாம்.

விகிதம் ஒன்றே எல்லாவற்றையுந் தீர்மானிப்பதில்லை. மரத்தூளைப் போலவே தும்புத்தூளிலும் காபன் மிகுதி. எனினும் தும்புத்தூளில் இலிக்னின் என்னும் கடினப்பொருள் மிக்கிருப்பதால் அது மெதுவாகவே உக்குகின்றது. ஆதலின் அது முடக்கும் நைதரசனும் மரத்தூள் முடக்குவதிலுங் குறைவாகும்.

ஏனைய போசணைகள்

பொற்றாசியம் தாவர உடலில் எச்சேர்வையிலும் கட்டுண்டிருப்பதில்லை. இலை வாடி நனைந்தவுடனே அது கரைந்து வெளியேறுகின்றது. ஆகவே பொற்றாசியத்திற்கு நுண்ணங்கியின் உதவி அதிகம் வேண்டியதில்லை. எருக்குவியலை மழையில் திறந்து வைப்போர் முதலில் இழப்பது பொற்றாசியத்தையே. குவியலின் அடியிலிருந்து வழியும் கபில நிற நீரில் அது சென்றுவிடுகின்றது. குவியலை ஓலையாலோ பொலித்தீன் தாளாலோ மூடிவைத்தல் இதனாலேயே வற்புறுத்தப்படுகின்றது.

பொசுபரசின் ஒரு பகுதி சேதனச் சேர்வைகளில் உளது. வேர்களும் நுண்ணங்கிகளும் சுரக்கும் நொதியங்கள் அதனை விடுவிக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்பு மிக்க மண்ணில் கரையும் பொசுபேற்றைக் கல்சியம் பற்றிக்கொள்கின்றது. உக்கிய எரு இதனை ஓரளவு தடுக்கின்றது. எப்பாவலப் பாறைப் பொசுபேற்று அமில மண்ணிலேயே நன்கு கரையும். சுண்ணாம்பு மண்ணில் அதனைத் தனியே இடுவதாற் பெரும்பயன் இல்லை. கூட்டெருக் குவியலில் அடுக்கடுக்காகத் தூவினால், உக்கும்போது தோன்றும் அமிலங்கள் அதிற் சிறு பகுதியைக் கரைக்கும்.

தும்புத்தூளில் பொற்றாசியம், சோடியம், குளோரைட்டு என்பன மிகுந்தும், கல்சியம் குறைந்தும் காணப்படும். அதனைக் கழுவாமற் பயன்படுத்தினால் உவர்ப்பினால் நாற்று வாடும். கல்சியங் குறைவதாலும், நீர் ஒழுங்கின்றிக் கிடைப்பதாலும் தக்காளிக் காயின் நுனி கறுத்து அழுகும்.

எரு உக்கி முடிந்தபின் எஞ்சும் கரிய உக்கல், அமோனியம், பொற்றாசியம், கல்சியம், மகனீசியம் ஆகியவற்றைப் பற்றிவைத்துச் சிறிது சிறிதாக வேருக்குக் கொடுக்கின்றது. ஆனால் நைத்திரேற்றை அது பற்றிவைப்பதில்லை. நைத்திரேற்று நீருடன் இறங்கிவிடும்.

வெப்பம், ஈரம், காற்று

நுண்ணங்கிகளின் வேகமே போசணை விடுபடும் வேகமாகும். எமது நாட்டு வெப்பநிலைகளில் ஏறத்தாழ 10 பாகை செல்சியசு கூடும்போது அவ்வேகம் இருமடங்காகும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் அது 28 பாகையளவு. ஆகவே ஒரே கூட்டெரு கிளிநொச்சியில் ஒரு மாதத்தில் விடும் நைதரசனை நுவரெலியாவில் விடுவதற்கு இரண்டு மாதங்களுக்கு மேலுஞ் செல்லலாம். மலைநாட்டிற் போசணையைக் காத்திருந்து பெறவேண்டும். தாழ்நாட்டில் அது விரைவில் தீர்ந்துவிடாமற் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஊடகம் காய்ந்தால் நுண்ணங்கிகள் உறங்கிவிடும். நீர் தேங்கினால் ஒட்சிசன் இன்றி, வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். ஒரு பிடி ஊடகத்தைக் கையிற் பிழியும்போது ஓரிரு துளி நீர் மட்டும் கசிவதே ஏற்ற ஈரமாகும். ஊடகம் உக்க உக்கப் பைக்குள் அமர்ந்து காற்றிடைவெளி குறையும் என்பதையும் மறத்தலாகாது. உமிக்கரியும் பருமணலும் இவ்விடைவெளியைக் காக்கும்.

ஒரு தக்காளிச் செடியின் கணக்கு

10 இலீற்றர் கொள்ளும் பையொன்றில் மூன்றிலொரு பங்கு கூட்டெரு இடப்பட்டது எனக் கொள்வோம். அக்கூட்டெரு உலர்நிறையில் ஏறத்தாழ 1 கிலோகிராம் இருக்கும். அதில் நூற்றுக்கு ஒன்றரை வீதம் நைதரசன் இருப்பின், மொத்தம் 15 கிராம். செடியொன்று இரண்டரைக் கிலோகிராம் பழந் தருவதற்கு ஏறத்தாழ 7 கிராம் நைதரசனை எடுக்கும். 15 கிராம் இருக்க 7 கிராமுக்கு என்ன குறை எனத் தோன்றும்.

ஆனால் நன்கு உக்கிய கூட்டெரு ஒரு போகத்தில் விடுவது தன் நைதரசனில் நூற்றுக்குப் பத்து முதற் பதினைந்து வீதமே. அது 2 கிராம் அளவாகும். மிகுதி 5 கிராமும் வேறு வழியில் வரவேண்டும். இதனை அறியாதோர் பூக்கும் காலத்திற் செடி சோர்ந்து நிற்பதைக் கண்டு விதையையும் மழையையும் நோவர்.

இக்குறையை நிரப்பும் வழிகளுள் ஒன்று வருமாறு. உக்கி உலர்ந்த கோழியெருவில் நூற்றுக்கு 3 வீதமளவு நைதரசன் உளது. அதில் ஏறத்தாழ அரைவாசி அப்போகத்திலேயே விடுபடும். 200 கிராம் எருவில் 100 கிராமை ஊடகத்துடன் கலந்து, மற்ற 100 கிராமைப் பூப்பதற்கு இரு கிழமைகள் முன்னதாக இட்டால் 3 கிராம் கிடைக்கும். சீமைக்கிளுவை எனவும் வழங்கும் கிளிரிசிடியாவின் பச்சையிலை 1 கிலோகிராமில் ஏறத்தாழ 8 கிராம் நைதரசன் உளது. இதன் இளந்தழை விரைவில் உக்குவது. இரு கிழமைக்கு ஒருமுறை 125 கிராம் தழையை நறுக்கி, மேலூடகத்தாற் சற்று மூடி, நான்கு முறை இட்டால் 4 கிராம் நைதரசன் சேரும். அதில் அரைவாசியாவது அப்பயிருக்கு உதவும். இவ்விரண்டும் சேர்ந்து 5 கிராமாகும்.

இவை கிடையாவிடத்து 2 கிராம் யூரியாவை 1 இலீற்றர் நீரிற் கரைத்து, இரு கிழமைக்கு ஒருமுறை ஐந்தாறு தடவை ஊற்றினும் இக்குறை நீங்கும். வேர் எடுக்கும் நைத்திரேற்று எருவிலிருந்து வந்தாலும் யூரியாவிலிருந்து வந்தாலும் ஒன்றே. வேறுபாடு அது வரும் காலத்திலும், எரு ஊடகத்திற்குச் செய்யும் ஏனைய நன்மைகளிலுமே உளது.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அத்தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டபோதும், 2021/22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது. சேதனப் பசளையின் மொத்த நைதரசனும் ஒரே போகத்திற் பயிருக்குக் கிட்டுவதில்லை. பல ஆண்டுகள் எரு இட்டு வளர்த்த நிலமே ஆண்டுதோறும் போதிய அளவை விடும். ஒரு போகத்தில் அந்நிலையை உண்டாக்க இயலாது. வயலுக்கு உண்மையான இவ்விதி பைக்கும் உண்மையே.

அளவுக்கு மிஞ்சிய எருவும் தீங்கே

எரு குறைந்தாற் பயிர் மெலியும். மிஞ்சினால் அதன் தீங்கு கிணற்றைச் சேரும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நன்னீர் சுண்ணாம்புக் கற்படையிலே தங்குகின்றது. மேலிருந்து இறங்கும் நைத்திரேற்று அக்கல்லின் வெடிப்புகளினூடாக விரைந்து நிலத்தடி நீரை அடைகின்றது. தோட்டச் செய்கை மிக்க பகுதிகளிற் பல கிணறுகளின் நைத்திரேற்று, குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் விதித்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டியுள்ளதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். நீரைக் கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகி வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

"எருதானே, எவ்வளவும் போடலாம்" என்னும் எண்ணம் ஆதலாற் பிழையானது. நவம்பர் மாதப் பெருமழைக்கு முன் வெற்று நிலத்தில் எருவைக் கொட்டிவைத்தலும், கிணற்றடியிற் குவியல் அமைத்தலும் விலக்கத்தக்கன. பயிர் நிற்கும்போது சிறிது சிறிதாக இடுவதே பயிருக்கும் கிணற்றுக்கும் நன்று.

செய்யவேண்டியவை

1. கூட்டெரு முதிர்ந்ததா எனச் சோதித்தல்: குவியலைப் புரட்டியபின் மீண்டுஞ் சூடேறாமலும், மூலப்பொருட்கள் இன்னவென அடையாளங் காணமுடியாமலும், மண்வாசனை வீசியும் இருத்தல் வேண்டும். ஒரு பிடி எருவை ஈரமாக்கிப் பொலித்தீன் பையிற் கட்டிச் சில நாட்களின்பின் திறக்கும்போது அமோனியா நெடியோ அழுகல் நாற்றமோ எழுந்தால் அது இன்னும் முதிரவில்லை.

2. விதைச் சோதனை: சிறு தட்டொன்றில் அவ்வெரு கலந்த ஊடகத்தையும் மற்றொன்றில் நல்ல மேல்மண்ணையும் இட்டு, ஒவ்வொன்றிலும் 20 முள்ளங்கி விதைகளை விதைக்கவும். முதலாவதில் முளைகள் குறைந்தோ குன்றியோ காணப்படின் எருவை மேலுஞ் சில கிழமைகள் உக்கவிடவும்.

3. தும்புத்தூளை ஊறவைத்து, வடியும் நீரின் கபில நிறம் குறையும்வரை நன்னீராற் பலமுறை கழுவவும். உவர்க்கிணற்று நீர் இதற்கு உதவாது. தும்புத்தூள் மிகுந்த 10 இலீற்றர் ஊடகத்திற்கு 15 முதல் 20 கிராம் தொலமைற்று கலந்தாற் கல்சியமும் மகனீசியமும் கிடைக்கும். சுண்ணாம்பு மண் கலந்த ஊடகத்திற்கு இது வேண்டியதில்லை.

4. சாம்பலையோ சுண்ணாம்பையோ புதிய கோழியெருவுடன் கலத்தலாகாது. நைதரசன் அமோனியாவாகக் காற்றிற் கலந்துவிடும்.

5. வைக்கோல், மரத்தூள், காய்ந்த சருகு என்பவற்றைப் பைக்குட் கலவாது, மேலே மூடுபடையாக இடவும். அல்லது சாணத்துடனும் பச்சைத்தழையுடனும் குவித்து உக்கவைத்தபின் பயன்படுத்தவும்.

6. ஊடகத்தைக் கலந்து ஈரமாக்கி, நிழலில் இரண்டு அல்லது மூன்று கிழமைகள் வைத்திருந்த பின்னரே நாற்றை நடவும். நுண்ணங்கிகள் பெருகுவதற்கு இக்காலம் வேண்டும்.

7. மஞ்சளிப்புத் தோன்றின் எவ்விலையில் தோன்றுகின்றது என நோக்கவும். அடியிலையிற் தொடங்கினாற் பெரும்பாலும் நைதரசன் குறைவாகும். இளங்குருத்திற் தொடங்கினால் இரும்பு அல்லது கந்தகக் குறைவாக இருக்கலாம். அதற்கு யூரியா மருந்தன்று.

8. பைக்கு அடியாற் பெருகி ஓடும்வரை நீர் ஊற்றுதல் கூடாது. ஓடும் நீருடன் போசணையும் ஓடுகின்றது.

9. போகம் முடிந்தபின் நோயற்ற ஊடகத்தை எறிந்துவிடாது, கட்டிகளை உடைத்து, இழந்த அளவிற்குப் புதிய கூட்டெரு சேர்த்து மீண்டும் பயன்படுத்தவும். முதற்போகத்தில் விடுபடாத நைதரசனில் ஒரு பகுதி அடுத்த போகத்தில் விடுபடும்.

செடிக்கு வேண்டிய வேளையில் வேண்டிய அளவு போசணை விடுபடுமாறு எருவைத் தெரிந்து, முதிரவைத்து, பகுத்து இடுதலே சேதன ஊடகச் செய்கையின் சாரம். நாற்றுப் பருவத்திற்குச் சிறிது, கொடி ஓடும் பருவத்திற்கு மேலும், பூவும் பிஞ்சும் தோன்றும் பருவத்திற்கு நிறைய என ஒழுங்கு செய்வோர், குறைந்த எருவிலும் நிறைந்த பலனைப் பெறுவர். மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.